பையன் ராணுவத்துக்குப் போனபோது பின்லாந்தில் நான் கற்றுக்கொண்டவை

பின்லாந்தில் குடியுரிமை வாங்கிய தமிழ்க் குடும்பத்தில் ஆண் பிள்ளை இருந்தால் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: பதினெட்டு வயதானால் ராணுவத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமா? எஸ்போவில் எங்களைத் தெரிந்தவர்கள் என்னிடம்தான் இதைக் கேட்கிறார்கள், எங்கள் பையன் போய் முடித்துவிட்டு வந்தவன் என்பதால். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் ராணுவ சேவையைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாக இருக்கும். இது 56 லட்சம் பேர் வாழும் நாடு, ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை. பெரிய போர் ஒன்று வந்தால் யார் எங்கே நிற்பது, யார் எதைச் செய்வது என்பதை அமைதியாக இருக்கும்போதே இவர்கள் பங்கு பிரித்து வைத்துவிடுகிறார்கள், அதில் வந்து குடியேறிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. அது என்ன என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பாதி தப்பு. பின்லாந்துக் குடிமகனான ஆணுக்குப் பதினெட்டு வயதாகும் வருடம் இலையுதிர்காலத்தில் அழைப்பு வரும். மருத்துவத் தகுதி பார்த்து, எந்தப் படைப்பிரிவு, ஜனவரியில் சேர்வதா ஜூலையில் சேர்வதா என்று அங்கேயே பேசி முடிவு செய்வார்கள். பையன் தன் விருப்பத்தைச் சொல்லலாம், கேட்பார்கள். சேவைக்காலம் 165 நாள், 255 நாள் அல்லது 347 நாள்; ரிசர்வ் (சேவை முடித்து வீடு திரும்பி, அழைத்தால் படைக்கு வர வேண்டியவர்கள்) அதிகாரிகளுக்கும் அணித்தலைவர்களுக்கும் 347. ஆயுதம் எடுக்க மனசாட்சி இடம் தராதவர்கள் 347 நாள் சிவில் சேவை செய்யலாம். பெண்கள் 1995இலிருந்து விருப்பப்பட்டால் சேரலாம். வளர்ந்த பிறகு குடியுரிமை வாங்கினாலும் முப்பது வயது வரை இந்தக் கடமை இருக்கிறது, அதனால் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தம்பிகள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது ஓசிஐ விஷயம், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் அட்டை. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ கிடையாது என்று இந்திய அரசின் விதி சொல்கிறது. கட்டாய சேவைக்குப் போகும் பிள்ளைக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதைச் சேவைக்கு முன்பே தூதரகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகிற நேரத்தில் இந்தக் கேள்வி முளைக்கக் கூடாது.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். அவன் ஜனவரியில் சேர்ந்தான். அந்தக் குளிரில் ஒற்றைப் பையோடு முகாம் வாசலில் இறங்கிக்கொண்டபோது, ஈரோட்டில் பிறந்த பிள்ளை இந்த நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கப் போகிறானே என்று எனக்கு அடிவயிறு கலங்கியது உண்மை. சில வாரம் கழித்து அடிப்படைப் பயிற்சி முடியும் சமயத்தில் உறுதிமொழி ஏற்கும் நிகழ்ச்சிக்குப் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பனி மூடிய மைதானத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே குரலில் உறுதிமொழி சொல்கிறார்கள். என் பக்கத்தில் ஒரு சோமாலிய அம்மா நின்றார், அந்தப் பக்கம் விவசாயிபோல் தெரிந்த ஒரு பின்லாந்து அப்பா. மூன்று பேர் கண்ணும் ஈரம். அப்புறம் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று பட்டாணி சூப் வாங்கிக் குடித்தோம். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததால் எங்களுக்கு இறைச்சி போடாத சூப் தனியாக இருந்தது, பையனுக்கும் சேவைக்காலம் முழுக்கச் சாப்பாட்டில் பிரச்சினை வரவில்லை. சைவக் குடும்பங்கள் பயப்பட வேண்டாம், ஆனால் முதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

வார இறுதியில் வீட்டுக்கு வருவான், தூங்குவான், துணி துவைப்பான், மறுபடி தூங்குவான். மற்ற எதையும்விட காலுறையைப் பற்றித்தான் அதிகம் பேசினான். காட்டில் கூடாரம் போட்டால் நடுவில் ஓர் இரும்பு அடுப்பு, விறகு போட்டு எரிப்பது. சுற்றிப் பத்துப் பேர் அடுப்பை நோக்கிக் கால் நீட்டிப் படுப்பார்கள். மேலே கட்டிய கயிற்றில் வரிசையாக ஈரக் காலுறைகள் தொங்கும். இரவு முழுக்க முறை போட்டு ஒருவன் விழித்திருந்து விறகு போட வேண்டும், அடுப்பு அணையவும் கூடாது, பொறி பறந்து கூடாரம் எரியவும் கூடாது. முறை முடிந்தவன் அடுத்தவனை எழுப்பிவிட்டுத்தான் படுப்பான். "ஒருத்தன் கண் அசந்தா பத்துப் பேரும் விறைச்சுப் போயிருவோம்ங்கம்மா, அதனால எவனும் அசர மாட்டான்" என்றான். வீட்டில் பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கப் பத்து முறை சொல்ல வேண்டியிருந்த பிள்ளை.

சேவை முடிந்து வெளியே வந்தால் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அங்கேதான் ஆரம்பம். பின்லாந்தின் போர்க்காலப் படை 2,80,000 பேர். நிரந்தரமாகச் சம்பளம் வாங்கும் ராணுவத்தினர் அதில் சிறு பகுதிதான், மற்றவர்கள் எல்லாம் பேருந்து ஓட்டுகிறவர்கள், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள். பயிற்சி பெற்ற ரிசர்வ் மொத்தம் சுமார் 8,70,000. அவ்வப்போது மறுபயிற்சிக்கு அழைப்பு வரும். 2015இல் ஏறத்தாழ 9 லட்சம் ரிசர்வ் வீரர்களின் வீட்டுக்கும் கடிதம் போனது, போர்க்காலத்தில் உங்கள் பணி இன்னது என்று. உக்ரைனின் கிரைமியாவை ரஷ்யா பிடித்துக்கொண்டதற்கு அடுத்த வருடம் அது. ஐரோப்பாவில் பல நாடுகள் படையைச் சுருக்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் இந்த முறையை விடவில்லை, 2023 ஏப்ரல் 4 அன்று நேட்டோவில் சேர்ந்த பிறகும் விடவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பது எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு பாட்டியிடம் பேசியபோதுதான் எனக்கு உறைத்தது. கரேலிய நிலப்பகுதியில் பிறந்தவர், இன்று அது ரஷ்யாவுக்குள் இருக்கிறது. 1939இல் சின்னக் குழந்தை.

அந்த வருடம் அக்டோபர் தொடக்கத்தில் பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லி சோவியத் அரசு அழைத்தது. பேச ஆள் அனுப்பிய அதே வேளையில், கூடுதல் பயிற்சி என்ற பெயரில் பின்லாந்து தன் ரிசர்வ் ஆட்களை மொத்தமாகக் கூப்பிட்டுவிட்டது. போர் அறிவிப்பு இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. 37 லட்சம் பேர் இருந்த நாட்டில் மூன்று லட்சம் பேர் படையில் வந்து நின்றார்கள். இது எப்படி முடிந்தது என்றால், முப்பதுகளிலேயே ஆள் திரட்டும் முறையை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு வட்டாரமும் தன் ஆட்களை, தன் குதிரைகளைக் கொண்டு தன் படைப்பிரிவை நிரப்ப வேண்டும். பாட்டியின் அப்பா தன் சொந்த பூட்ஸ், சொந்தக் கோட்டோடுதான் போனாராம். சீருடை போதாது. அரசு கொடுத்தது தொப்பியில் குத்த ஒரு சின்னம், ஒரு பெல்ட், ஒரு துப்பாக்கி. அந்தக் கோடையிலேயே பல்லாயிரம் பேர் சம்பளம் வாங்காமல் கரேலியாவுக்கு வந்து அரண் வெட்டியிருந்தார்கள், பாட்டியின் வீட்டுக் கொட்டகையில்கூடச் சிலர் தங்கினார்களாம். அம்மா லொட்டா ஸ்வார்ட் பெண்கள் அமைப்பில் இருந்தார். சுமார் ஒரு லட்சம் பெண்கள் கொண்ட அமைப்பு அது. சமையல், காயமுற்றோர் பராமரிப்பு, வானத்தைப் பார்த்து விமானம் வருகிறதா என்று தகவல் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாட்டியின் அம்மாவுக்குப் பெரிய பானை, வண்டிக் குதிரைக்காரர்களுக்குக் கஞ்சி.

எல்லையோரக் குடும்பங்களை அக்டோபரிலேயே உள்ளே அனுப்பினார்கள். நவம்பரில் ஒன்றும் நடக்கவில்லை. மாடு இருக்கிறது, வீடு இருக்கிறது, சும்மா எதற்கு அடுத்தவர் வீட்டில் கிடப்பது என்று பலர் திரும்பிப் போய்விட்டார்கள். நவம்பர் 30 அன்று குண்டு விழுந்தது. இதைச் சொல்லும்போது பாட்டி மேஜையைத் தட்டினார். போர் வருவதற்கு முன்னால் வரும் அந்தச் சும்மா இருக்கும் வாரங்கள்தான் மனிதரை ஏமாற்றும் என்றார். ஊர்க்காரர்கள் பலர் திரும்பிய அதே வாரங்களில் படையினர் மட்டும் நிலைகளைவிட்டு அசையாமல் நின்று, தோண்டி, பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் குளிர்காலப் போர் என்று சொல்லப்படும் அந்தப் போரில் சோவியத் படைக்கு எதிராக 105 நாள் தாக்குப்பிடிக்க முடிந்தது.

விலையும் சொல்ல வேண்டும். சுமார் 25,000 பேர் இறந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரே பிரிவில் நின்றதால் ஒரு பிரிவு அடிபட்டால் ஒரு ஊரே துக்கத்தில் விழும். இறந்தவர்களை முடிந்தவரை சொந்த ஊருக்கே கொண்டுவந்து புதைத்தார்கள், இங்கே எந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போனாலும் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் அந்தக் கற்களைப் பார்க்கலாம், பிறந்த வருடத்தைக் கழித்துப் பார்த்தால் இருபது, இருபத்திரண்டு என்று வரும். என் பையன் சேவைக்குப் போன பிறகு என்னால் அந்தக் கழித்தலைச் செய்யாமல் கடந்து போக முடியவில்லை. நிலமும் போனது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கரேலிய மக்களை மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் சேர்த்துக்கொண்டார்கள், அரசு அவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தது. பாட்டி எட்டுப் பேரோடு அடுத்தவர் வீட்டு ஒற்றை அறையில் வளர்ந்தவர்.

இனி நம் பங்கு. நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் எங்கள் பிரிவுத் தலைவி ஒரு பட்டியலோடு வந்தார், நம்மில் யாரெல்லாம் ரிசர்வில் இருக்கிறார்கள் என்று. நான் பயந்தேன், ஆளை அனுப்பப் போகிறார்களோ என்று. அவர் கேட்டது நேர் எதிர்: போர் அழைப்பு வந்தால் இவர்களில் யார் போகக் கூடாது? ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் படைக்குப் போய்விட்டால் அறுவை சிகிச்சை அரங்கம் என்ன ஆகும்? இப்படி விட முடியாத ஆட்களை நிறுவனங்கள் முன்கூட்டியே ராணுவத்திடம் சொல்லி ஒதுக்கி வைத்துக்கொள்ள இங்கே வழி இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், உணவு, மருத்துவம் எல்லாத் துறையிலும். படை திரட்டுவது என்றால் எல்லோரையும் துப்பாக்கியோடு நிறுத்துவது என்றிருந்த என் எண்ணம் அன்றோடு போயிற்று.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நெருக்கடி நிலைச் சட்டம் அமலுக்கு வந்தால், இங்கே நிரந்தர முகவரி உள்ள 18 முதல் 67 வயது வரையிலான யாரையும் தேவையான வேலைக்கு நியமிக்கலாம். குடியுரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் இதில் அடக்கம். ஆகவே இது பின்லாந்துக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கி நிற்க வழியில்லை, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஷெல்டர் விஷயத்துக்கு வருவோம். 1,200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடம் கட்டினால் பாதுகாப்பு அறை கட்டியே ஆக வேண்டும். நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கு மேல், சுமார் 48 லட்சம் பேர் தங்கலாம். நம் கட்டடத்தின் அடித்தளத்தில் சைக்கிளும் குளிர்கால டயரும் போட்டு வைத்திருக்கிறோமே, அந்தக் கனத்த இரும்புக் கதவுள்ள அறை, அதுதான். ஆரஞ்சுச் சதுரத்துக்குள் நீல முக்கோணம் ஒட்டியிருக்கும். உத்தரவு வந்தால் 72 மணி நேரத்துக்குள் காலி செய்து தயாராக்க வேண்டும், யார் செய்வது? குடியிருப்பவர்கள்தான். உக்ரைன் போர் தொடங்கிய வருடம் எங்கள் கட்டடத்தில் ஒருமுறை ஒத்திகை பார்த்தோம். சைக்கிள்களை வெளியே எடுத்தோம், கதவு ஓரத்து ரப்பர் விட்டுப் போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம், காற்று இழுக்கும் இயந்திரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தோம். மின்சாரம் இல்லாதபோது அந்தக் கைப்பிடியை ஆள் மாற்றி ஆள் சுற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் தோள் வலி. ஆளுக்கு முக்கால் சதுர மீட்டர் இடம். அதாவது ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம். உலர் கழிப்பறைக்கு ஒரு திரை. உள்ளே செல்லப்பிராணிகளை விட மாட்டார்கள், நாய் பூனை வைத்திருப்பவர்கள் அதை இப்போதே கட்டட நிர்வாகத்திடம் பேசிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இதுவரை அந்த அறைக்குள் போனதில்லை என்றால் இந்த வாரம் போய்ப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கட்டடத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நம்மவர்கள் போவதே இல்லை, மொழி புரியாது என்கிறார்கள். போங்கள், ஷெல்டர் பொறுப்பாளருக்குக் கைகொடுக்கிறேன் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். எனக்குப் பக்கத்து வீட்டார் பழக்கமானதே அந்தச் சைக்கிள் தூக்கிய நாளில்தான்.

சைரன் பற்றி ஒரு முக்கியமான விஷயம். மாதத்தின் முதல் திங்கள் பகல் 12 மணிக்கு அடிப்பது சோதனை, ஏழு விநாடி ஒரே சீரான ஓசை. உண்மையான அபாய ஒலி ஒரு நிமிடம் ஏறி இறங்கும். அதைக் கேட்டதும் ஷெல்டருக்கு ஓடக் கூடாது. வீட்டுக்குள் போய், ஜன்னல் கதவுகளை அடைத்து, காற்றோட்ட இயந்திரத்தை நிறுத்தி, ரேடியோ கேட்க வேண்டும். ஷெல்டருக்குப் போகச் சொன்னால்தான் போவது. அடுக்குமாடிகளில் காற்றோட்டத்தை நிறுத்தும் பொத்தான் பெரும்பாலும் கீழ்த்தளப் படிக்கட்டுப் பக்கம் இருக்கும், அதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூன்று நாளைக்கு யார் உதவியும் இல்லாமல் இருக்கத் தயாராக இருங்கள் என்று அரசு சொல்கிறது. ஒரு சனிக்கிழமை காலை முதல் இரவு வரை மெயினை அணைத்துவிட்டு இருந்து பார்த்தோம். நம் சமையல் அரிசியையும் கொதிநீரையும் நம்பியது, இங்கே பெரும்பாலான வீடுகளில் மின் அடுப்பு. அன்று எங்களைக் காப்பாற்றியது அவல். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்பும் ஊறுகாயும் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு. பொட்டுக்கடலை, நிலக்கடலை, பேரீச்சம்பழம், பருப்புப் பொடி எல்லாம் அடுப்பில்லாமலே ஓடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடிநீர் என்று கேனில் பிடித்து வைத்திருக்கிறோம். முகாம் அடுப்பு வாங்கினால் வீட்டுக்குள் பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். பேட்டரி ரேடியோ, பவர்பேங்க், சில்லறையாகக் கொஞ்சம் யூரோ, டார்ச். அணுக்கதிர் ஆபத்து வந்தால் விழுங்கும் அயோடின் மாத்திரை நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் பரிந்துரை, அதையும் அரசு சொன்னால்தான் விழுங்க வேண்டும். 2022 அக்டோபரில் அந்த அறிவுரை வெளியானதும் மருந்துக் கடைகளில் தீர்ந்துபோனது, ஆகவே கூட்டம் இல்லாதபோது வாங்கி வையுங்கள். தண்ணீருக்கு அடுத்து எல்லோரும் மறப்பது குளிர். வெப்பம் நின்றால் வீடு முழுவதையும் காக்க முடியாது, ஒரே அறையில் எல்லோரும் படுக்க மெத்தையும் போர்வையும் எடுத்துப்போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மாக்களுக்கு ஒன்று. பிள்ளை சேவையில் இருக்கும்போது படம் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அனுப்பினால் குடும்பக் குழுவில் போடாதீர்கள். சீருடை, பின்னால் தெரியும் கட்டடம், போனிலிருந்து இடம் காட்டும் தகவல், இவையெல்லாம் யாருக்குப் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. "எந்த ஊர்க் காட்டுல சாமி இருக்கே?" என்று நான் கேட்பேன். "அதெல்லாம் கேக்காதீங்கம்மா, நல்லா இருக்கேன், சாப்டேன்" என்பான். அதற்குமேல் கேட்பதை விட்டுவிட்டேன். ஈரோட்டில் மாமா, சித்தி, நாத்தனார் எல்லோருக்கும் இதையே சொல்லிவிட்டேன், அவர்களும் மதித்தார்கள்.

ரஷ்யாவோடு உள்ள எல்லையை மூடினார்கள் என்று செய்தி வந்தபோது நாத்தனார் அழைத்து, "அண்ணி, பேசாம எல்லாரும் கிளம்பி வந்துருங்க" என்று அழுதாள். அவள் பாசம் புரிகிறது. ஆனால் பையன் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது, என் பெயர் மருத்துவமனைப் பட்டியலில் இருக்கிறது, பையனுடைய அப்பா ஷெல்டர் சாவி வைத்திருப்பவர்களில் ஒருவர். பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் சோறு போட்ட ஊர். நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று சொன்னேன்.

கடைசியாக, ஊரிலிருந்து பெற்றோரைக் கூப்பிட்டு வைத்திருப்பவர்களுக்கு. பகலில் நாம் வேலைக்குப் போய்விடுவோம், அவர்களுக்கு மொழி தெரியாது, சைரன் அடித்தால் என்ன செய்வார்கள்? மாமனார் மாமியார் வந்திருந்தபோது ஒரு தாளில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்: திங்கள் 12 மணிச் சத்தம் சோதனை. ஏறி இறங்கும் சத்தம் அபாயம், வெளியே போகாதீர்கள், ஜன்னலைச் சாத்துங்கள். அவசர எண் 112. பக்கத்து வீட்டு எண் 14, கதவைத் தட்டினால் வருவார்கள். மாமனார் அதைப் படித்துவிட்டு, நேராக 14ஆம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, கைகூப்பி அறிமுகம் செய்துகொண்டு வந்தார். நீங்களும் உங்கள் பெற்றோரை அப்படியே அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் அறிமுகம் செய்துவையுங்கள்.